ஒன்பதாம் கூண்டின் உமி

ஒன்பதாம், பத்தாம் கூண்டுகளில் இருக்கும் ஆறு எலிகளுக்குச் சர்க்கரை நோய் வரவே இல்லை. வந்ததாகவும், கிளுவை இலைச் சாறு கொடுத்து அது அடங்கியதாகவும் எண்களை மாற்றி எழுத வைத்தவர் டாக்டர் அரங்கசாமி. இதுவே முதல் வரியாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். பெயர், வயது, விலாசம் இல்லாமல் எதையும் தொடங்க முடியாது என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் தலைமைக் காவலர் சாந்தாமணி சொன்னார். நான் விடவில்லை. "செரி கண்ணு, எழுதிப்போட்டு அதுக்குக் கீழ உன்ற பேரப் போட்டுக்கலாம்" என்றார்.

என் பெயர் மதிவதனி, வயது 24, தகப்பனார் கண்ணையா உயிருடன் இல்லை. தாயார் மாசாணியம்மாள், வயது 52, தோட்டக் கூலி. சொந்த ஊர் காங்கேயத்திலிருந்து ஏழு கிலோமீட்டரில் உள்ள காலனித் தெரு. தற்போது கோவை காந்திபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள பெண்கள் விடுதியில் பதினான்காம் எண் அறையில் இருக்கிறேன். விலங்கியலில் பட்டம் பெற்றிருக்கிறேன். கடந்த ஜூன் முதல் ஜனவரி 20ஆம் தேதி வரை, புகார் மனுவில் பெயர் உள்ள தனியார் மருந்தியல் கல்லூரியின் விலங்குக் கூடத்தில் வேலை பார்த்தேன். வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே 'துப்புரவு' என்று எழுதியிருந்தது. எலிகளுக்குத் தீனி வைப்பது, தண்ணீர்ப் புட்டிகளை நிரப்புவது, எடை பார்ப்பது, கூண்டுத் தட்டில் உமி மாற்றுவது, வால் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பது எல்லாம் நான்தான் செய்தேன். எனக்குப் பிடித்த வேலை. இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

டாக்டர் அரங்கசாமி என்மீது கொடுத்த புகார் இன்று 11.02.2025 காலை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஆய்வு விலங்குகளுக்கு வெளி உணவு கொடுத்தேன், வெளி ஆளைக் கூடத்துக்குள் விட்டேன், கல்லூரியின் சர்க்கரைச் சோதனைப் பட்டை ஒன்றை மனிதருக்குப் பயன்படுத்தினேன், ஆய்வுக் குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு போனேன் என்று அதில் இருக்கிறது. முதல் மூன்றும் உண்மை. நான்காவது பொய். அது நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு, நான் கடையில் வாங்கியது, என் கையெழுத்தில் எழுதியது. அதை இன்று உதவி ஆய்வாளர் கதிர்வேல் அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறேன். எது எப்படி நடந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

டாக்டர் அரங்கசாமியிடம் ஆராய்ச்சி செய்யும் மாணவி ரித்திகா என் ஊர்க்காரர். அவர் தகப்பனார் நஞ்சுண்டனின் காடு தோட்டத்திலும் எண்ணெய் மில்லிலும்தான் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வேலை. விலங்குக் கூடத்தில் ஆள் தேவை என்று எனக்குச் சொன்னவரும் ரித்திகாதான்; அந்த நன்றி எனக்கு இன்றும் இருக்கிறது. எங்கள் பக்கம் மாடு மேயும் காட்டைச் சுற்றிக் கிளுவையை வேலியாக நடுவார்கள். அந்த இலைக்குச் சர்க்கரையைக் குறைக்கும் குணம் உண்டா என்று எலிகளில் பார்ப்பது ரித்திகாவின் ஆய்வு. நவம்பரில் நஞ்சுண்டனின் வேலியிலிருந்து இலையைப் பறித்துக் கொடுத்தது என் தாயார். என் தாயார் ரித்திகாவை 'அம்மணி' என்று கூப்பிடுவார். இருபத்தாறு வயது ரித்திகா என் தாயாரை 'மாசாணி' என்று கூப்பிடுவார். கல்லூரியில் தேநீர் வரும்போது மற்றவர்களுக்குக் கண்ணாடி டம்ளரும் எனக்குக் காகிதக் கோப்பையும் வரும். வழக்குக்கு இது சம்பந்தம் இல்லை என்று உதவி ஆய்வாளர் சொன்னார். எழுதாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்ன பிறகு எழுதப்பட்டது.

இலை பறிக்கும்போது என் தாயாருக்கு இடது குதிகாலில் கிளுவை முள் ஏறியது. அவர் ஆறு வருடமாகச் சர்க்கரை நோயாளி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவந்தவர். அப்போது முள்ளை நாங்கள் யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

ஆய்வில் மொத்தம் முப்பது எலிகள். குழுவுக்கு ஆறு வீதம் ஐந்து குழு, கூண்டுக்கு மூன்று வீதம் பத்துக் கூண்டு. முதல் குழுவை ஒன்றும் செய்வதில்லை. மற்ற நான்கு குழுவுக்கும் ஊசி போட்டுச் சர்க்கரை நோயை வரவழைக்க வேண்டும். அதன் பிறகு இரண்டாம் குழுவுக்கு வைத்தியம் கிடையாது. மூன்றாவதற்குக் கடை மாத்திரை. நான்காவதற்குக் கொஞ்சம் இலைச் சாறு. ஐந்தாவதற்கு, அதாவது ஒன்பதாம், பத்தாம் கூண்டுக்கு, நிறைய இலைச் சாறு. இந்த இடத்தில் உதவி ஆய்வாளர் நிறுத்தச் சொன்னார்.

"ஏனுங்க அம்மணி, எலிக்குக்கூடச் சுகர் வருமுங்களா?"

"தானா வராதுங்க. நாமதான் ஊசி போட்டு வரவெக்கறோம்."

"வரவெச்சுப்போட்டு நாமளே மருந்தும் குடுக்கறமாக்கும்?"

"ஆமாங்க."

அவர் மேலே சொல்லச் சொன்னார்.

12.12.2024 வியாழக்கிழமை ஊசி போடும் நாள். அந்த மருந்தை ஐஸில் வைத்துக் கரைக்க வேண்டும், கரைத்த உடனே போட்டுவிட வேண்டும், சூடேறிக் கிடந்தால் அதன் வேலை போய்விடும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே டாக்டர் அரங்கசாமிதான். அன்று காலை மூன்றாம் கூண்டு தொடங்கி எட்டாம் கூண்டு வரை பதினெட்டு எலிகளுக்கு அவரே ஊசி போட்டார், நான் பிடித்துக்கொண்டேன். அப்போது கல்லூரியின் புதுக் கட்டடத்துக்குப் பூமி பூஜை என்று ஆள் வந்து கூப்பிட்டார்கள். மார்கழி பிறந்துவிட்டால் பூஜை போட முடியாது, அதனால் அவசரமாக அந்த நாளைக் குறித்திருந்தார்கள். அவரும் ரித்திகாவும் கை கழுவிவிட்டுப் போனார்கள். மருந்துக் குப்பி மேசைமேல் ஐஸ் தொட்டியில் இருந்தது. அதைக் குளிர்பெட்டியில் வைக்கட்டுமா என்று கேட்டேன். எதையும் தொட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அதன் பிறகு பூஜை முடிந்து, சாப்பாடு முடிந்து, மூன்று மணி நேரம் கழித்து நெற்றியில் சந்தனத்தோடு வந்தார்கள். ஐஸ் முழுதும் தண்ணீராகிவிட்டிருந்தது. அதே குப்பியிலிருந்துதான் ஒன்பதாம், பத்தாம் கூண்டு எலிகள் ஆறுக்கும் ஊசி போடப்பட்டது. புதுக் குப்பி உடைக்கவில்லை.

மறுநாளே மூன்றாம் கூண்டு முதல் எட்டாம் கூண்டு வரை எலிகள் தண்ணீரை ஓயாமல் குடிக்கத் தொடங்கின. சர்க்கரை ஏறினால் தாகம் எடுக்கும், குடித்தது முழுதும் சிறுநீராகப் போகும். வாரத்துக்கு இரண்டு முறை மாற்றும் உமியை அந்தக் கூண்டுகளில் காலையும் மாலையும் மாற்ற வேண்டி வந்தது. கையில் அள்ளினால் பிழியலாம். ஒன்பதிலும் பத்திலும் உமி காய்ந்து கிடந்தது, ஊதினால் பறக்கும். எந்தக் கூண்டு எவ்வளவு தண்ணீர் குடித்தது, உமி ஈரமா காய்ந்ததா என்று அன்றிலிருந்து என் நோட்டில் எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. எத்தனை மூட்டை உமி தேவைப்படும் என்று கணக்கிடத்தான் முதலில் எழுதினேன்.

16.12.2024 அன்று முதல் முறை சர்க்கரை பார்த்தோம். நான் இரத்தம் எடுத்து எண்ணைச் சொன்னேன், ரித்திகா எழுதினார். ஒன்பதாம், பத்தாம் கூண்டில் நான் சொன்னது 104, 98, 111, 107, 96, 102. ஊசி போட்ட மற்ற கூண்டுகளில் எதுவும் முந்நூறுக்குக் குறையவில்லை. ரித்திகா எழுதுவதை நிறுத்திவிட்டு டாக்டர் அறைக்குப் போனார். திரும்பி வந்து என்னை உமி மாற்றச் சொல்லிவிட்டுப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் எழுதினார். புதிதாக எலி வரவழைத்து, அனுமதி வாங்கி, முதலிலிருந்து தொடங்க மூன்று மாதம் ஆகும் என்பது எனக்கும் தெரியும். மறுநாள் முதல் இலைச் சாறு கொடுக்கத் தொடங்கினோம். ஒன்பதாம், பத்தாம் கூண்டுகளில் உமி காய்ந்திருந்தது சாறு உள்ளே போவதற்கு நான்கு நாள் முன்பிருந்து. இதுதான் முக்கியமான விஷயம். நோட்டின் முதல் இரண்டு பக்கங்களில் இருக்கிறது.

05.01.2025 அன்று ஒரு செய்தித்தாளில், கிளுவை இலை சர்க்கரை நோயை விரட்டும், கோவைப் பேராசிரியர் கண்டுபிடிப்பு என்று டாக்டரின் படத்தோடு செய்தி வந்தது. நான்காம் குழுவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. உண்மையாகவே நோய் வந்த அந்த ஆறு எலிகள் சாறு குடித்தும் உமியை நனைத்துக்கொண்டுதான் இருந்தன. நஞ்சுண்டன் அந்தச் செய்தியைச் சட்டம் போட்டு எண்ணெய் மில்லில் மாட்டினார். வேலியோரம் வேலை செய்துகொண்டிருந்த என் தாயாரைக் கூப்பிட்டு வாசித்தும் காட்டினார். தான் பறித்த தழை பேப்பரில் வந்திருக்கிறது என்று என் தாயாருக்குப் பெருமை. அன்று முதல் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தினமும் கிளுவைத் தழையை அரைத்து ஒரு டம்ளர் குடித்திருக்கிறார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் கூண்டில் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது என் குற்றம். புகாரில் அது இல்லை என்பதால் நானே சொல்கிறேன்.

15.01.2025 மாட்டுப் பொங்கல். எங்கள் பக்கம் அதைப் பட்டிப் பொங்கல் என்போம். மாடு கட்டும் பட்டியிலேயே பொங்கல் வைத்து, அங்கே நிற்கிற எல்லா உயிருக்கும் ஒரு வாய் ஊட்டிய பிறகுதான் மனிதர்கள் சாப்பிடுவார்கள். நஞ்சுண்டனின் பட்டியில் என் தாயார் இருபது வருடம் சாணி வாரி, தரை மெழுகி, விறகு பிளந்திருக்கிறார். மாடுகள் தின்ற பிறகு, வீட்டார் தின்ற பிறகு, வேலிக்கு வெளியே அவருக்கு இலையில் வரும். சின்ன வயதில் நானும் அந்த வேலிக்கு வெளியே நின்று சாப்பிட்டிருக்கிறேன்.

அன்று கல்லூரி விடுமுறை. நான் மட்டும் கூடத்தில் இருந்தேன். மாலை நான்கு மணிக்கு எல்லா எலிகளுக்கும் சர்க்கரை பார்த்து, ஊருக்குப் போயிருந்த ரித்திகாவுக்கு அலைபேசியில் எண்களை அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. மதியம் ஒன்றரைக்கு என் தாயார் தூக்குப் போசியோடு வாசலில் நின்றார். காங்கேயத்திலிருந்து பேருந்தில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். இடது காலைத் தரையில் முழுதாக ஊன்றவில்லை.

"இந்த வருசம் அவங்க பட்டிக்குப் போகலீங்கண்ணு. உன்ற பட்டியப் பாத்துப்போட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

வெளி ஆளை விடக் கூடாது என்று கதவிலேயே எழுதியிருக்கிறது. விட்டேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஒவ்வொரு கூண்டாகப் பார்த்தார். தன் தழையைக் குடிப்பவை எவை என்று கேட்டார், காட்டினேன். அதன் பிறகு போசியைத் திறந்து, வெல்லப் பொங்கலை அவரைக்கொட்டை அளவுக்கு உருட்டி, கூண்டுக்கு மூன்று உருண்டை என்று கம்பி வழியாகப் போடத் தொடங்கினார். எனக்குப் படிப்பு இருக்கிறது. சர்க்கரை நோய் எலிக்கு வெல்லம் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரியும், ஆய்வு கெடும் என்றும் தெரியும். "அம்மா, இதுகளுக்குச் சுகரும்மா" என்று ஒரு தடவை சொன்னேன்.

"இருக்கட்டும் கண்ணு. பட்டியில நிக்கறதுல ஒண்ணுக்குக் குடுத்து ஒண்ணுக்குக் குடுக்காம உட முடியுமா? நம்மள மாதிரி வெளிய நிக்க வெக்கறதா?"

அதற்குமேல் நான் தடுக்கவில்லை. மீதி ஐந்து கூண்டுகளுக்கு நானே போட்டேன். முப்பது எலிகளும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தின்றன. அதன் பிறகு நாங்கள் இருவரும் கூடத்துத் தரையில் உட்கார்ந்து ஒரே போசியில் சாப்பிட்டோம். கல்லூரியில் நான் காகிதக் கோப்பை இல்லாமல் சாப்பிட்டது அன்று ஒரு நாள்தான். அதற்காக வருத்தப்படவில்லை, மன்னிப்பும் கேட்க மாட்டேன்.

சாப்பிட்டு முடிக்கும்போது என் தாயார் தண்ணீர் கேட்டார். ஒரு லிட்டர் புட்டியைக் கொடுத்தேன், காலி செய்தார். நிரப்பிக் கொடுத்தேன், அதிலும் பாதி போனது. கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து மறுபடி கேட்டார். தொண்டை வறள்கிறது, பேருந்து வெயில் என்றார். நான் அப்போது நோட்டில் மூன்றாம் கூண்டின் தண்ணீர்க் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். பேனாவை வைத்துவிட்டு, காலைக் காட்டச் சொன்னேன். முள் ஏறிய இடம் இரண்டு மாதமாக ஆறாமல், சுற்றிலும் கறுத்துப் போயிருந்தது. மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டேன்.

"அது எதுக்குங்கண்ணு? பேப்பர்லயே போட்டிருக்குதே. நம்ம தழை."

அதன் பிறகு நான்கு மணிக்கு எலிகளுக்குச் சர்க்கரை பார்த்தேன், அதே கருவியில் என் தாயாருக்கும் பார்த்தேன். சோதனைப் பட்டை ஒன்று செலவானது. இரண்டாம் குழுவில், மூன்றாம் கூண்டின் பெரிய எலிக்கு 451. என் தாயாருக்கு 463. வெல்லப் பொங்கல் தின்ற ஐந்தாம் குழு எலிகளில் எதுவும் 140ஐத் தாண்டவில்லை. முதல் குழுவின் நல்ல எலிகள் காட்டியதும் அதே அளவுதான்.

அன்றே என் தாயாரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். முள் நுனியை எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் குதிகாலை வெட்டியிருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். எட்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது புண் மூடிவிட்டது, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார், நேற்று 148. போன வாரம் காலை ஊன்றி நடந்து சந்தைக்குப் போய்விட்டு வந்து, நடந்ததை மூன்று முறை சொன்னார். நான் சந்தோஷமாக இருக்கிறேனா என்று இங்கே யாரும் கேட்கவில்லை. இருக்கிறேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

20.01.2025 அன்று டாக்டர் அரங்கசாமியின் அறைக்குப் போய், நடந்த எல்லாவற்றையும், பொங்கல் கொடுத்தது உட்பட, நானே சொன்னேன். செய்தியைத் திருத்த வேண்டும் என்று கேட்டேன், நோட்டைக் காட்டினேன். அவர் அதைத் திறக்கவில்லை.

"உமி மாத்தறதுக்குத்தானுங்க அம்மணி உங்களை வெச்சது. நெம்பர் எழுதறதுக்கு ஆளுக இருக்கறாங்க. நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க" என்றார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. சாவியை மேசைமேல் வைக்கச் சொன்னார். என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளவில்லை.

வெளியே வந்தபோது ரித்திகா படிக்கட்டில் நின்றிருந்தார். எண்களை மாற்றி எழுதியது தான்தான் என்றும், டாக்டர் சொல்லிச் செய்ததாகவும் அழுதுகொண்டே சொன்னார். "அப்பா மில்லுல ஃப்ரேம் போட்டு மாட்டிட்டாரு மதி. இனி நான் என்ன பண்றது?" என்றார். கழற்றச் சொல் என்றேன். மறுநாள் முதல் இன்றுவரை அவர் தினமும் காலையில் எனக்கு அலைபேசியில் ஒரு படம் அனுப்புகிறார். ஒன்பதாம், பத்தாம் கூண்டின் உமி. ஒரு எழுத்துகூட எழுதுவதில்லை, படம் மட்டும். உமி காய்ந்துதான் இருக்கிறது. தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

கிளுவை இலை பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அதற்குக் குணம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நோய் வந்த எலிக்கு அதை அதிக அளவு கொடுத்தால் என்ன ஆகும் என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் என் வாக்குமூலம். பார்க்காததைப் பார்த்ததாக வைத்து, வருகிற 16.02.2025 ஞாயிற்றுக்கிழமை அவிநாசியில் ஒரு திருமண மண்டபத்தில் இலைப் பொடி வழங்கும் முகாம் நடத்துகிறார்கள். நோட்டீசில் 'மாத்திரைக்கு விடை கொடுப்போம்' என்று அச்சடித்திருக்கிறது. அதன் ஒரு பிரதியைக் கொடுத்திருக்கிறேன். எங்கள் தெருவிலிருந்து பதினோரு பேரை அழைத்துப் போக நஞ்சுண்டன் வேன் ஏற்பாடு செய்திருக்கிறார். எல்லாரும் தோட்ட வேலைக்காரர்கள், முள்ளில் நடப்பவர்கள். நஞ்சுண்டனுக்கும் சர்க்கரை நோய் உண்டு. அவர் கோவையில் பெரிய மருத்துவரிடம் ஊசி போட்டுக்கொள்கிறார், அதை அவர் நிறுத்தவில்லை. என் தாயார் வீடு வீடாகப் போய்ச் சொல்லியும், பேப்பரில் வந்தது பொய்யாகுமா என்று கேட்கிறார்கள்.

ஆய்வை அறுபது நாளாக நீட்டித்திருக்கிறார்கள். 14.02.2025 வெள்ளிக்கிழமை அது முடிகிறது. அன்று மதியம் எல்லா எலிகளையும் கொன்றுவிடுவார்கள், அதன் பிறகு என் நோட்டையும் ரித்திகா அனுப்பிய படங்களையும் தவிர எதுவும் மிச்சம் இருக்காது. அதனால் நான் கேட்பது இது. இன்று செவ்வாய்க்கிழமை. இன்றிலிருந்து ஒன்பதாம், பத்தாம் கூண்டுக்கு இலைச் சாற்றை நிறுத்தச் செய்யுங்கள், காவலர் ஒருவரை அங்கே நிற்க வையுங்கள். வெள்ளிக்கிழமை காலை ஆறு எலிகளுக்கும் சர்க்கரை பாருங்கள். சாறுதான் அடக்கி வைத்திருக்கிறது என்றால் மூன்று நாளில் ஏறிவிடும், உமி நனைந்துவிடும். அப்படி நனைந்தால் நான் பொய்க்காரி, எந்த வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள். நனையவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை அந்த மண்டபத்தைத் திறக்க விடாதீர்கள். செய்வீர்களா, மாட்டீர்களா என்று உதவி ஆய்வாளர் கதிர்வேல் அவர்களிடம் நேராகக் கேட்டேன். பதிலையும் இதிலேயே எழுத வேண்டும் என்றேன். தலைமைக் காவலர் சாந்தாமணி அதற்கு இரண்டு வரி இடம் விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். உதவி ஆய்வாளர் நோட்டீசை எடுத்து, மண்டபத்தின் பெயரை வாசித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இங்கே எழுதியிருப்பது நான் வாயால் சொன்னது, யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நானும் எழுத்துக் கூட்டாமல் முழுதும் வாசித்துப் பார்த்தேன், எல்லாம் நடந்தது நடந்தபடி இருக்கிறது. பதிலுக்கு விட்ட இரண்டு வரிகள் காலியாக இருக்கும்போதே கையெழுத்திடுகிறேன்.





(ஒப்பம்) க. மதிவதனி
11.02.2025, பகல் 12.40